ஒரேத்தோப் பாலமும் செலஸ்ரீனாவின் கையெழுத்தும்

இத்தாலியில் பலெர்மோ நகரத்து ஒரேத்தோ ஆற்றின் தெற்குக் கரையில், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே மலிவான வாடகைக்குக் கிடைத்த பழைய வீடுகளில் முதலில் குடியேறிய தமிழ்ப் பெண் செலஸ்ரீனாதான். அது 1985ஆம் ஆண்டு. அவளுக்குப் பிறகு வந்த பதினேழு குடும்பங்களுக்கும் வீடு பார்த்துக் கொடுத்ததும் அவள், வேலை பிடித்துக் கொடுத்ததும் அவள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கப் போனவர்களோடு குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் விடியலிலிருந்து கால் கடுக்க நின்றதும் அவள்தான். இதை யாராவது மறந்து போனால் அவளே நினைவுபடுத்தி விடுவாள்.

மன்னாரில் பேசாலை அவளுடைய ஊர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பலெர்மோவுக்கு வந்ததும் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை கிடைத்தது. அந்த வீட்டுச் சினியோராவின், எஜமானியம்மாவின், மாமியார் படுக்கையில் கிடந்தார், காதும் மந்தம். அவரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. செலஸ்ரீனா இத்தாலியன் பழகியது அவரோடு கதைத்துக் கதைத்துத்தான். அதனால் அவளுடைய இத்தாலியன் எந்த இடத்திலும் உரத்த குரலில்தான் வரும். அலுவலகங்களில் அது நல்லதாகவே போய்விட்டது. அவள் வாயைத் திறந்தால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் மாதா கோயில் படிக்கட்டில் நாலைந்து பேராவது அவளுக்காகக் காத்து நிற்பார்கள். ஒருவருக்கு வீட்டுக்காரனோடு பிரச்சினை, ஒருவருக்கு வைத்தியரிடம் போக வேண்டும். அவள் எல்லோருடைய கதையையும் கேட்டு, "சரி, செவ்வாய்க்கிழமை வாறன்," என்பாள். இதற்கு யாரிடமும் அவள் ஒன்றும் வாங்கியதில்லை. அப்படி நாலு பேர் தனக்காகக் காத்து நிற்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவளுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. இது புருசன் பெனடிக்ற் ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். யாராவது கடிதத்தை நீட்டினால், "கண்ணாடி கொண்டு வரேல்லை, வாயாலை சொல்லு," என்பாள். அல்லது கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அந்த அலுவலகத்துக்கே போய், "இது என்ன, விளங்கப்படுத்துங்கோ," என்று சத்தம் போடுவாள். ஏழு வருசம் இப்படியே ஓடிவிட்டது. யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த ஏழாவது வருசத்தில்தான் சிவமலர் வந்தாள்.

சிவமலர் சாவகச்சேரிக்காரி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஒன்பது வருசம் கிளாக்கராக இருந்தவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, அதிகம் கதைக்காத பெண். அவளுக்கும் அவள் புருசன் செல்வராசாவுக்கும் தன் வீட்டுக்கு நேர் எதிரேயே ஒரு வீட்டை எடுத்துக் கொடுத்தவள் செலஸ்ரீனா. மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் வீட்டில் துப்புரவு வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவளே. முதல் சம்பளத்தில் சிவமலர் வியா மக்வேதா தெருவில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் தடித்த அகராதி ஒன்று வாங்கி வந்ததைப் பார்த்தபோது செலஸ்ரீனாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"புத்தகம் பாத்துப் பாசை வராது பிள்ளை. சனத்தோடை கதைச்சாத்தான் வரும்."

"ஓம் அக்கா. எனக்கு வாயிலை வராது. அதுதான் எழுதியாவது பழகுவம் எண்டு."

சொன்னபடியே பழகினாள். ஒன்றரை வருசத்தில் அகராதியின் அட்டை கழன்றுவிட்டது. கடையில் ஒரு கிலோ தக்காளி கேட்கத் தடுமாறுகிறவள், மேசையில் இருந்து எழுதத் தொடங்கினால் ஒரு பக்கம் நிறைத்துத்தான் நிமிர்வாள்.

செலஸ்ரீனாவுக்கு முதல் குத்து விழுந்தது ஒரு மின்சார பில்லில். யூலியானா என்று ஒரு பெண், செலஸ்ரீனாவை உடன்பிறந்த அக்காவைப் போலப் பார்ப்பவள். அவளுடைய வீட்டுக்கு வேறு யாருடைய மீற்றர் கணக்கோ வந்து கொண்டிருந்தது. செலஸ்ரீனா மூன்று தடவை போய்ச் சண்டை பிடித்தும் ஒன்றும் நடக்கவில்லை. சிவமலர் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டாள். மூன்று வாரத்தில் பில் திருத்தப்பட்டு வந்தது.

"ஒரு கடிதம்தான் அக்கா! ஒரே ஒரு கடிதம்!" என்று யூலியானா ஓடிவந்து செலஸ்ரீனாவிடமே சொன்னாள்.

"நல்லது," என்றாள் செலஸ்ரீனா. அன்று வைத்த குழம்பில் உப்பு இல்லை. பெனடிக்ற் எழும்பிப் போய் உப்பை எடுத்து வந்து போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டு வாசலில் செருப்புகள் கூடத் தொடங்கின. பின்னேரங்களில் செலஸ்ரீனா யன்னலருகே நின்று மரக்கறி வெட்டுவாள். கை வெட்டிக் கொண்டிருக்கும், கண் அந்த வாசலில் இருக்கும். அந்த நீலச் செருப்பு யூலியானாவுடையது. கறுப்புச் சப்பாத்து அருளையா அண்ணருடையது. அருளையா அண்ணரின் பெர்மெஸ்ஸோவுக்காக அவள் கொட்டுகிற மழையில் நாள் முழுக்க நின்றிருக்கிறாள். அவரும் இப்போது அங்கே.

"நல்லதுதானே. உமக்கும் கொஞ்சம் ஆறுதல்," என்றார் பெனடிக்ற் ஒருநாள்.

"நான் ஆறுதல் கேட்டனானோ உங்களிட்டை?"

சிவமலர் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் செலஸ்ரீனாவுக்கு வசதியாக இருந்திருக்கும். அவளோ வழியில் கண்டால் ஒதுங்கி நின்று, "என்னக்கா, வேலைக்கோ?" என்று கேட்பாள். தோசை சுட்டால் கொடுத்தனுப்புவாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாதது செலஸ்ரீனாவின் எரிச்சலை இன்னும் கூட்டியது.

1993 நவம்பரில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஆறு பெருக்கெடுத்து வாகனப் பாலத்தின் ஒரு தூணை அரித்துவிட்டது. நகரசபை பாலத்தை மூடியது. திருத்த எப்படியும் இரண்டு வருசம் செல்லும் என்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இனி ஆற்றின் மேற்பக்கத்தில் இருக்கிற இன்னொரு பாலத்தைச் சுற்றித்தான் நகரத்துக்குள் போக வேண்டும். அது நாற்பது நிமிட நடை. தண்ணீர் வற்றிய நாட்களில் பெண்கள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாவிப் போனார்கள்.

அந்த இடத்தில் ஆற்றின் இரு கரையும் ஸ்பத்தாரோ என்கிற, பலகை விற்கிற மரக்காலை முதலாளிக்குச் சொந்தம். அந்த ஆள் நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் போட்டான். தன் சொந்தச் செலவில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நடைபாலம் கட்டுகிறேன், பொதுப் பாலம் திறக்கும் வரை கடந்து போகிறவர்களிடம் காசு வாங்க எனக்கு அனுமதி தாருங்கள் என்று. அனுமதி கொடுப்பதற்கு முன் அங்கே குடியிருப்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று வட்டார அலுவலகம் அறிவித்தல் ஒட்டியது.

அறிவித்தலைச் சிவமலர் வாசித்தாள். பதிலையும் அவளே எழுதினாள். ஒரு ஞாயிறு மத்தியானம் யூலியானா வீட்டு முற்றத்தில் எல்லோரையும் கூட்டி, எழுதியதைத் தமிழில் சொன்னாள். பாலம் வரட்டும், எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் வேலைக்குப் போகிறவர்களிடமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் காசு வாங்கக் கூடாது. பொதுப் பாலம் திறந்த அன்றைக்கே இந்த அனுமதி முடிந்துவிட வேண்டும். இவ்வளவுதான். தோட்டங்களில் இருந்த சிசிலிக்காரர்களும் சேர்ந்து அறுபத்தொரு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

செலஸ்ரீனா கடைசி ஆளாக வந்து தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"எங்கை உதிலை எங்கடை கஷ்டம்? ஒண்டு ரெண்டு எண்டு இலக்கம் மட்டும் கிடக்கு."

"கஷ்டத்தை நீங்கள் நேரை சொல்லுங்கோ அக்கா. என்னாலை அது ஏலாது. அதுதான் உங்கடை பேரையும் விலாசத்தையும் போட்டிருக்கிறன். கூப்பிட்டா உங்களைத்தான் கூப்பிடுவினம்."

அறுபத்தொரு பேர் முன்னிலையில் இப்படிச் சொல்லிவிட்டாள். செலஸ்ரீனாவுக்கு முதலில் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அது வாடிவிட்டது. தனக்குரிய இடத்தை இவள் யார் தூக்கித் தருவதற்கு?

பெப்ரவரி கடைசியில் வட்டார அலுவலகத்திலிருந்து செலஸ்ரீனாவின் பேருக்குக் கடிதம் வந்தது. வேலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சினியோராவிடம் வாசிக்கச் சொன்னாள். மார்ச் பதினாலாம் திகதி காலை பத்து மணிக்கு, அனுமதிப் பத்திரத்தின் வரைவு பற்றிக் குடியிருப்பாளர் சார்பில் ஒருவர் வந்து பேசலாம் என்று இருந்தது. செலஸ்ரீனா கடிதத்தை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

"கடிதம் ஒண்டும் வரேல்லையோ அக்கா?" என்று இரண்டு நாளைக்கு ஒரு தடவை சிவமலர் கேட்டாள்.

"வந்தாச் சொல்ல மாட்டனே?"

பொய் சொல்கிறபோது நெஞ்சு படபடக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இனிப்பாக ஏதோ கரைவது போலத்தான் இருந்தது. இந்தத் தடவை எழுத்துக்காரி வீட்டில் இருக்கட்டும்.

மார்ச் பதினாலு ஒரு திங்கட்கிழமை. நீலப் பட்டுச் சீலை உடுத்திக்கொண்டு தனியாகப் போனாள். நீண்ட மேசை ஒன்றில் அலுவலக மேலாளர், அளவைக்காரர், ஸ்பத்தாரோ, அவனுடைய வக்கீல் மருமகன் என்று நாலு பேர் இருந்தார்கள். கதைக்கச் சொன்னதும் செலஸ்ரீனா எழுந்து நின்றாள். விடியப்புறம் ஐஸ் போன்ற தண்ணீரில் கால் வைப்பது எப்படி என்று சொன்னாள். நனைந்த சப்பாத்தோடு போய் எஜமானியின் சலவைக்கல் தரையில் நிற்கும்போது திட்டு வாங்குவதைச் சொன்னாள். வழுக்கி விழுந்து, வாரக் கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் கிடந்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மேலாளர் தாடையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். ஸ்பத்தாரோ கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு வக்கீல் ஒரு தாளை அவள் முன்னே தள்ளினான். வரைவில் சில திருத்தம் இருக்கிறது, வாசித்துப் பார்த்துச் சம்மதமென்றால் கையெழுத்து வைக்கலாம் என்றான்.

"கண்ணாடி கொண்டு வரேல்லை," என்றாள் செலஸ்ரீனா.

"அதற்கென்ன, நான் வாசிக்கிறேன் சினியோரா."

மூச்சு விடாமல் வாசித்தான். சட்டத்துக்கென்றே இருக்கிற இத்தாலியன் அது. அவளுடைய காதுமந்தக் கிழவி ஒருநாளும் பேசாத இத்தாலியன். அதில் 'எஸென்ஸியோனே' என்ற ஒரு சொல் வந்தது. அந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லாதவர்களுக்குச் சொல்கிற சொல். விலக்கு. அதைக் கேட்டதும் அவளுக்குச் சந்தோசமாகிவிட்டது. அதற்கு முன்னால் வந்த சொல்லை அவள் கவனிக்கவில்லை. எந்த விலக்கும் கிடையாது என்பதுதான் அந்த வரி. செலஸ்ரீனா "ஸீ, ஸீ," என்று தலையாட்டி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வரைந்து கொடுத்தாள்.

ஸ்பத்தாரோ எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே கண்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். "கதைச்சுப் போட்டன். எங்களுக்குக் காசில்லை." பின்னேரம் வாசலில் சனம் கூடியது. யூலியானா கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். சிவமலர் கடைசியாக வந்தாள்.

"என்னையும் கூப்பிட்டிருக்கலாமேயக்கா?"

"கடிதம் பிந்தித்தான் வந்தது பிள்ளை. நேரமில்லாமல் போச்சு."

சிவமலர் தலையசைத்தாள். அவள் முகம் சுருங்கியதைச் செலஸ்ரீனா கண்டாள். அன்று அவளுக்கு நல்ல நித்திரை வந்தது.

ஆறு கிழமையில் பாலம் எழும்பிவிட்டது. இரும்புச் சட்டமும் மரப் பலகையும். இரு கரையிலும் ஸ்பத்தாரோ கம்பி வேலி போட்டுக் கல்லில் தாவுகிற வழியை அடைத்தான். ஒரு சனிக்கிழமை கோயில் சுவாமியார் வந்து ஆசீர்வதித்தார். செலஸ்ரீனாவை முன்வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக எல்லோரும் வந்தபோது பாலத்தின் வாயிலில் ஒரு ஆள் தகரப் பெட்டியோடு இருந்தான்.

"இருநூறு லிரா. ஒவ்வொருவரும்."

"எங்களுக்கு இல்லை. நான் கதைச்சு முடிச்ச விசயம்," என்று செலஸ்ரீனா சத்தம் போட்டாள்.

அவன் பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டினான். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். செலஸ்ரீனாவும் பலகையைப் பார்த்துக் கொண்டே நின்றாள். பின்னாலிருந்து சிவமலரின் மெல்லிய குரல் வந்தது.

"ஒருத்தருக்கும் விலக்கு இல்லை எண்டு போட்டிருக்கு."

இரண்டு நாள் கழித்துச் சிவமலர் வட்டார அலுவலகத்துக்குப் போய் அனுமதிப் பத்திரத்தின் பிரதி எடுத்து வந்தாள். மறுபடியும் யூலியானாவின் முற்றத்தில் கூட்டம். செலஸ்ரீனா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் தாளின் அடியில் தன் கையெழுத்து இருக்கும், சிவமலர் இப்போது அதைச் சொல்லப் போகிறாள்.

"கடைசி நேரத்திலை வரைவை மாத்திப் போட்டினம்," என்றாள் சிவமலர்.

"ஆர் அதுக்கு ஒத்துக்கொண்டது?" என்று கேட்டார் அருளையா.

"அதைப் பிறகு பாப்பம் அண்ணை. முதல் என்ன செய்யலாம் எண்டு பாப்பம்." தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். செலஸ்ரீனா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

காட்டிக் கொடுத்திருந்தால் செலஸ்ரீனா அவளோடு சண்டை பிடித்திருப்பாள். நாலு வார்த்தை திட்டி, நாலு வார்த்தை வாங்கி, ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்திருக்கும். இப்போது இவள் எழுத்தும் தெரிந்தவள், நல்லவளும் கூட. எனக்கு என்ன மிஞ்சியது? அன்றிரவு தொடங்கி அந்தக் கேள்வி அவளைத் தின்றது. சிவமலர் உலர்த்தப் போட்ட துணிகளின் ஒழுங்கைப் பார்த்தால் கூட எரிந்தது.

செலஸ்ரீனா பாலத்தில் கால் வைக்கவில்லை. மேல் பாலத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் நடந்து வேலைக்குப் போனாள், நாற்பது நிமிடம் நடந்து திரும்பினாள். தண்டனை என்று தனக்குத்தானே வைத்துக் கொண்டது அது. ஆனால் சனம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. செலஸ்ரீனாக்கா ஸ்பத்தாரோவுக்கு எதிராக நடக்கிறா என்று கதை பரவியது. அவளோடு இரண்டு பேர் சேர்ந்து நடக்கத் தொடங்கினார்கள், பிறகு ஐந்து பேர்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, செலஸ்ரீனா தாங்க முடியாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். சிவமலர் குசினியில் மா அரித்துக் கொண்டிருந்தாள்.

"ஏன் நீ சொல்லேல்லை?"

சிவமலர் அரிதட்டைக் கீழே வைத்தாள். "என்னத்தை?"

"தெரியாத மாதிரிக் கேளாதை. என்ரை பேர் அந்தத் தாளிலை கிடக்கு. ஏன் சனத்துக்குச் சொல்லேல்லை? என்னிலை இரக்கமோ?"

"இரக்கமோ?" சிவமலரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எனக்கு உங்களிலை சரியான கோவம் அக்கா. கடிதத்தை ஒளிச்சு வைச்சியள். தனியப் போனியள். அந்தப் பத்திரத்தை வாசிச்ச அண்டைக்கு உங்கடை கதவை வந்து தட்டோணும் போலை இருந்தது. ஆனா அதை மாத்திறதுக்கு ஒரேயொரு வழிதான் இருக்கு. கையெழுத்து வைச்ச ஆளுக்கு வாசிக்கத் தெரியாது, ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்லை எண்டு திருப்பி விண்ணப்பிக்கலாம். அதை நீங்கள்தான் அங்கை வந்து உங்கடை வாயாலை சொல்லோணும். சனத்தைக் கொண்டு உங்களைக் கிழிக்க விட்டிருந்தா நீங்கள் வருவியளே? அதுதான் பேசாமல் இருந்தனான்."

தனக்கு வாசிக்கத் தெரியாததும் இவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று செலஸ்ரீனாவுக்கு உறைத்தது. எப்போதிருந்து தெரியும்? கண்ணாடிக் கதையை எத்தனை தடவை கேட்டு மனதுக்குள் சிரித்திருப்பாள்?

"அறுபத்தொரு பேருக்கு முன்னாலை நான் எழுத்து வாசனை இல்லாதவள் எண்டு நீ எழுதிக் காட்டோணும். அதுதானே உனக்கு வேணும்?"

"எனக்கு வேண்டியது இருநூறு லிரா குடுக்காமல் வேலைக்குப் போறது," என்றாள் சிவமலர். மறுபடி அரிதட்டை எடுத்துக்கொண்டாள்.

செலஸ்ரீனா கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தாள். அந்த மாதம் முழுக்க எதிர்வீட்டுப் பக்கம் முகம் திருப்பவில்லை.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. கூட நடந்தவர்கள் ஒவ்வொருவராகக் களைத்து, காசைக் கொடுத்துப் பாலத்தால் போகத் தொடங்கினார்கள். யூலியானா மட்டும் விடவில்லை. அவளுக்கு ஆறாம் மாதம். ஒருநாள் காலை மேல் பாலத்துக்கு ஏறுகிற சரிவில் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது.

"உனக்கென்ன விசரே? இந்த வயித்தோடை ஏன் நடக்கிறாய்? பாலத்தாலை போவன்!"

"நீங்கள் எங்களுக்காக நடக்கிறியள். நான் என்னெண்டு அக்கா காசைக் குடுத்திட்டுப் போறது?"

செலஸ்ரீனா அவளை மதிலில் உட்கார வைத்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை பார்த்துக் கொண்டு நின்றாள்.

"நான் உங்களுக்காக நடக்கேல்லை," என்றாள். "அந்தப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சது நான்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது யூலியானா. தெரியாமல்தான் வைச்சனான். ஆனா சிவமலரை விட்டிட்டுத் தனியப் போனது தெரிஞ்சுதான் போனனான்."

யூலியானா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். போத்தலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். எழுந்து, வந்த வழியே ஆற்றுப் பாலத்தை நோக்கி இறங்கிப் போனாள். பின்னேரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்தபோது செலஸ்ரீனாவுக்காகப் படிக்கட்டில் ஒருவரும் நிற்கவில்லை. அருளையா தொப்பியைச் சரிசெய்வது போல முகத்தை மறைத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். உள்ளே வரச் சொன்னதற்கு மறுத்து, வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"எழுது."

சிவமலர் எழுதினாள். ஓகஸ்ட்டில் ஊரே லீவில் மூடிக் கிடந்தது. செப்டெம்பர் கடைசியில்தான் அழைப்பு வந்தது. அதே மேசை, அதே நாலு பேர். இந்தத் தடவை செலஸ்ரீனா சாதாரணப் பருத்திச் சீலைதான் உடுத்தியிருந்தாள். மேலாளர் விண்ணப்பத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சினியோரா, இதில் எழுதியிருப்பது உண்மையா?"

அவளுக்கு மெதுவாகச் சொல்லத்தான் விருப்பம். ஆனால் அவளுக்கு மெதுவான இத்தாலியன் தெரியாது. "எனக்கு வாசிக்கத் தெரியாது!" என்று அவள் சொன்னது பக்கத்து அறை தாண்டிப் படிக்கட்டு வரை கேட்டது. தட்டச்சுப் பெண் கதவால் எட்டிப் பார்த்தாள். வக்கீலின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. செலஸ்ரீனா அவனைப் பார்த்தே அடுத்ததைச் சொன்னாள். "அவர் எனக்கு வாசித்தார். விளங்கப்படுத்தவில்லை. ஓடுகிற ரயிலைப் போல வாசித்தார்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பத்தாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. காலை எட்டரைக்கு முன்பும் பின்னேரம் நாலு மணிக்குப் பின்பும் அந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்குக் காசில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு எந்த நேரமும் இல்லை. மற்ற நேரத்தில் எல்லோரும் கட்ட வேண்டும். திருத்திய பத்திரத்தைச் சிவமலர் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். இரண்டு இடத்தில் செலஸ்ரீனா நிறுத்தி, "திருப்பிச் சொல்லு," என்றாள். பிறகுதான் கையெழுத்து வைத்தாள். அதற்குக் கீழே, வாசித்துக் காட்டியவர் என்ற இடத்தில் சிவமலர் ஒரே இழுப்பில் தன் பெயரை எழுதினாள். கொடி ஓடுவது போல அழகான கையெழுத்து. செலஸ்ரீனாவுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. இந்த நேரத்திலுமா என்று தன்னையே கடிந்துகொண்டாள், ஆனாலும் குறையவில்லை.

திரும்பும்போது இருவரும் பாலத்தால் நடந்தார்கள். செலஸ்ரீனா அதில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

"நல்லாக் கதைச்சியள் அக்கா."

"பொய் சொல்லாதை. ரெண்டு வசனம்தான் கதைச்சனான்."

"அதுக்குத்தான் கிடைச்சது. நான் எழுதின மூண்டு பக்கத்தையும் அந்த மனுசன் ஒழுங்கா வாசிக்கவும் இல்லை."

பாலக்காசுப் பெட்டி 1996 வசந்தம் வரை இருந்தது. வாகனப் பாலம் திறந்த அன்றைக்கே அனுமதி முடிந்தது. ஸ்பத்தாரோ பலகைகளைக் கழற்றித் தன் மரக்காலைக்குக் கொண்டு போனான். அதற்கு முன்பே, 1994 கடைசியில், யூலியானாவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்குச் செலஸ்ரீனாவையும் கூப்பிட்டாள், ஆனால் ஞானத்தாயாக வேறொருத்தியைத்தான் வைத்தாள். செலஸ்ரீனா ஏன் என்று கேட்கப் போகவில்லை.

சனம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கடிதம் என்றால் சிவமலர், நேரில் போய்க் கதைப்பதென்றால் செலஸ்ரீனா. பல நேரம் இருவரும் சேர்ந்தே போனார்கள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, அங்கே போய் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று சண்டை பிடித்துக் கொண்டு போவார்கள். வாசிக்கப் பழக்குகிறேன் என்று சிவமலர் கேட்டபோது, "என்ரை கண்ணுக்குக் கூடாது," என்று சொல்லி மறுத்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் சினியோராவின் வீட்டில் விளம்பரத் தாள்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பழகினாள். தக்காளி, பால், சவர்க்காரம் என்று தொடங்கி ஒரு வருசத்தில் பஸ் அறிவித்தல் வரை வந்துவிட்டாள். அதைச் சிவமலரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

1998 செப்டெம்பரில் சிவமலரும் செல்வராசாவும் ஜெர்மனிக்குப் போவதென்று முடிவாயிற்று. சிவமலரின் தங்கை புருசனோடு அங்கே இருந்தாள். ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு எல்லோரும் வழியனுப்பப் போனார்கள். யூலியானா அழுதாள், அருளையா கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செலஸ்ரீனா பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்துக் கொண்டு நின்றாள். ரயில் புறப்படப் பத்து நிமிடம் இருக்கும்போது சிவமலரைத் தனியே ஒரு தூணருகே இழுத்துப் போனாள்.

"அங்கை புதுப் பாசை. அலுவலகத்துக்கு எல்லாம் ஆர் உனக்காகக் கதைக்கிறது?"

"தங்கச்சியின்ரை மனுசன் இருக்கிறார் அக்கா. பத்து வருசமா அங்கை இருக்கிறார். நல்லாக் கதைப்பாராம்."

"நல்லாயோ?"

"ஓம். எல்லாரும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போறவையாம்."

செலஸ்ரீனா அவளுடைய கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்து ரயிலில் ஏற்றிவிட்டாள். வீடு வந்து சேரும் வரை பெனடிக்ற்றோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சீலை மாற்றி, தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆரோ ஒருத்தனாம். தங்கச்சியின்ரை மனுசனாம். நல்லாக் கதைப்பானாம்," என்றாள். "என்னத்தைக் கதைச்சுக் கிழிக்கப் போறான் எண்டு பாப்பம்."